கிணறு எந்தப் பக்கம்?

தா. சனாதனனின் 'தி இன்கொம்ப்ளீற் தோம்பு' 2011இல் 'ரேக்கிங் லீவ்ஸ்' வெளியீடாக வந்தது. என் கைக்கு அது கிடைத்ததோ பல வருடங்கள் கழித்து. அதுவும் நண்பரொருவரிடமிருந்து இரண்டு கிழமைத் தவணையில் இரவலாக. நாவல், சிறுகதை என்றால் இரண்டு கிழமை தாராளம். இது அப்படி வாசித்து முடிக்கிற நூலல்ல. பாயைப் போட்டு, நூலை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு தாளுக்கு முன்னால் அரை மணித்தியாலம் குந்தியிருக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் மனைவி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஆர்ர காணிப் பிரச்சினை இது?" என்று கேட்டார். அதைவிடப் பொருத்தமான மதிப்புரை ஒன்றை இந்நூலுக்கு நான் இன்னும் காணவில்லை.

தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இந்நாட்டில் எழுதிவைத்த காணிப் பதிவேடு. ஆள்பவன் தன் வரிக்காக எழுதிய ஏடு அது. சனாதனன் அந்தச் சொல்லை எடுத்து, காணியையும் வீட்டையும் விட்டு ஓடியவர்களின் கையில் கொடுத்திருக்கிறார். போரினால் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் 80 பேரிடம் அவர் கேட்டது மிகச் சாதாரணமான ஒன்று: விட்டு வந்த வீட்டின் நிலப்படத்தை ஞாபகத்திலிருந்து வரைந்து தாருங்கள். அவர்களுள் தமிழரும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. அவர்கள் வரைந்த படம் முதலாவது அடுக்கு. அதைக் கட்டடப்பட வரைஞரின் முறையில் கோடு நிமிர்த்தித் திரும்ப வரைந்தது இரண்டாவது அடுக்கு. அதன்மேல் சனாதனனின் சொந்தச் சித்திரம் மூன்றாவது. கூடவே அந்த வீட்டைப் பற்றி அவர்கள் சொன்ன கதை.

இதை ஓவிய நூல் என்பதா, ஆவணம் என்பதா, கைக்குள் அடங்கிய ஓர் 'இன்ஸ்ரலேஷன்' என்பதா என்ற சிக்கல் எனக்கும் இருந்தது. இன்ஸ்ரலேஷன் என்பதை நம்மில் சிலர் தாபனக் கலை என்கிறார்கள். நிறுவற் கலை என்போரும் உண்டு. பெயரில் ஒற்றுமை இல்லாவிட்டாலும் எதிர்ப்பில் நல்ல ஒற்றுமை இருக்கிறது. நமது பக்கத்து இலக்கியக் கூட்டங்களில் இந்தப் பேச்சு வந்தால், பின்வரிசையிலிருந்து ஒருவர் எழும்பி, "பழைய சாமானை அடுக்கி வைத்தால் அதுவும் கலையா?" என்று கேட்பார். கைதட்டல் விழும். கூட்டம் தேநீருக்குக் கலையும்.

அந்தக் கேள்வி பிழையானதல்ல. பழையது, அவ்வளவுதான். மார்செல் டுஷாம் 1917இல் கடையில் வாங்கிய ஒரு சிறுநீர்க் கோப்பையைக் கண்காட்சிக்கு அனுப்பியபோதே அது கேட்கப்பட்டுவிட்டது. அலன் கப்ரோ 1959இல் நியூயோர்க்கில் 'ஹெப்பனிங்' என்று தொடங்கிவைத்ததிலும் அதுவேதான். எனக்கு இவர்களைவிட மியர்ல் லேடர்மன் யூக்கிலிஸ் நெருக்கமாகத் தெரிகிறார். 1973இல் இவர் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகர நூதனசாலையின் படிக்கட்டுகளைத் தண்ணீர் ஊற்றிக் கையால் கழுவித் துடைத்தார். அதுதான் அவருடைய ஆற்றுகை. பிள்ளை வளர்ப்பதும் கழுவித் துடைப்பதும் ஏன் கலையாகக் கருதப்படவில்லை என்பது அவருடைய கேள்வி. நமது மூத்தம்மாமார் பன் கிழித்து, சாயம் போட்டு, பாய் இழைத்துக்கொண்டிருந்த திண்ணைகளை நினைத்துப் பாருங்கள். மருதமுனையின் தறிச் சத்தத்தை நினைத்துப் பாருங்கள். இதே வேலையை நாளைக்கு ஒரு கலைஞர் கொழும்புக் காட்சிக்கூடம் ஒன்றில் செய்தால் நாம் பஸ் ஏறிப் போய்ப் பார்ப்போம். இங்கே அயல் வீட்டில் நடக்கும்போது அது வெறும் பிழைப்பு. இந்த வித்தியாசம் எங்கே உண்டாகிறது என்று கேட்கவைப்பதுதான் இக்கலையின் வேலை என்றால், பின்வரிசைக்காரரும் அதைத்தான் கேட்கிறார். தான் கேட்பது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை.

நம்மிடையே இன்னொரு தடையும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஓவியம் என்றதும் உருவம் வரைவது ஆகுமா, ஆகாதா என்பதிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. அந்த விவாதத்தைத் தீர்க்க நான் ஆளில்லை. ஆனால் ஒரு வீட்டின் நிலப்படத்தில் உருவம் இல்லை. ஒரு தண்ணீர்க் குடத்தில், கழற்றி வைத்த மூக்குக் கண்ணாடியில் உருவம் இல்லை. ஆனால் ஆள் இருக்கிறார். உருவத்தை விலக்கி வாழ்ந்த ஒரு சமூகத்துக்குப் பொருளைக் கொண்டு பேசும் கலைதான் மிகக் கிட்டிய கலையாக இருந்திருக்க வேண்டும். நாமோ அதற்குத்தான் அதிக தூரத்தில் நிற்கிறோம்.

நமது நாட்டில் இந்தப் பாதை தொண்ணூறுகளில் திறந்தது. சந்திரகுப்த தேனுவர 1997இல் 'பெரலிசம்' என்று சொல்லிப் படைமுகாம் வண்ணம் பூசிய தார்ப் பீப்பாய்களைக் காட்சிக்கு வைத்தார். கல்முனை வீதியில் பத்துத் தரம் இறங்கி ஏறி அடையாள அட்டை காட்டியவர்களுக்கு அந்தப் பீப்பாய்க்கு விளக்கவுரை தேவையில்லை. 2004இல் மீளக் கட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 'அகம் புறம்' என்ற காட்சி நடந்தபோது, சனாதனன் யாழ்ப்பாணத்து மக்களிடமிருந்து சேகரித்த அன்றாடப் பொருட்களைக் கொண்டு 'ஹிஸ்ரரி ஒஃப் ஹிஸ்ரரீஸ்' என்பதைச் செய்தார். 1981இல் எரிக்கப்பட்ட நூலகம் அது. சுமார் 97,000 நூல்கள் போன இடத்தில் நூலுக்குப் பதிலாகச் சனங்களின் சாமான்கள். அதை நான் நேரில் பார்க்கவில்லை. அந்த வருட முடிவில் இந்தக் கரையில் எங்களுக்கு வேறு அலுவல் வந்துவிட்டது.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு மருதமுனை, சாய்ந்தமருது, கல்முனைக்குடிக் கடற்கரையில் நடந்தவர்களுக்குத் தெரியும்: சுவரும் கூரையும் போய், பல வளவுகளில் சீமெந்துத் தரையும் அத்திவாரமும் மட்டும் மிஞ்சியிருந்தன. முழு ஊரும் ஒரே அளவில் வரைந்த நிலப்படமாகக் கிடந்தது. எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி அப்படியொரு தரையில் நின்று, "இது குசினி தம்பி, இஞ்சாலதான் அறை, இதில பிள்ளைட தொட்டில்" என்று கைகாட்டினார். இல்லாத கதவால் போய் இல்லாத கதவால் வந்தார். சுவர் இருந்த இடத்தை ஒரு தரம்கூட ஊடறுத்து நடக்கவில்லை. நான் பார்த்த ஆற்றுகைகளில் அதற்கு மிஞ்சியது ஒன்றில்லை என்று சொன்னால், துயரத்தைக் கலை என்று சொல்லிக் கொச்சைப்படுத்துகிறேன் என்பீர்கள். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. ஆனால் தோம்பு நூலின் முதலாவது அடுக்குப் படங்களைப் பார்த்தபோது என் கண்ணில் பட்டது அந்த நடைதான்.

பிறகு 2005இல் வடக்குக் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள், பின்னர் தளர்த்தினார்கள். உறுதியைக் காட்டு, பெர்மிட்டைக் காட்டு என்றார்கள். உறுதி கடலோடு போனவர்கள் எதைக் காட்டுவது? ஞாபகத்தைத் தவிர அவர்களிடம் தோம்பு ஏது?

வீடென்பது இந்தக் கரையில் பெண்ணுக்குரியது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். தாய்வழிக் குடிமுறையில் வாப்பா கட்டுகிற வீடு மகளுக்குப் போகிறது. மாப்பிள்ளை வந்து ஏறுகிறார். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இதில் பெரிய வேறுபாடில்லை. ஆகவே ஒரு வீட்டின் நிலப்படத்தை இங்கே ஆணிடம் கேட்பதும் பெண்ணிடம் கேட்பதும் ஒன்றல்ல. நான் பரீட்சித்துப் பார்த்தேன். என் வீட்டை என் மனைவி வரைந்த படத்தில் குசினியும் கிணற்றடியும் பாதித் தாளை எடுத்துக்கொண்டன. நான் வரைந்ததில் விறாந்தையும் கடப்படியும்தான் பெரிது. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தால் ஒரே வளவு என்று எவரும் நம்பமாட்டார்கள்.

இதனால்தான் அந்த இரண்டாவது அடுக்கில் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அளவுகோல் வந்ததும் எல்லாம் சரியாகிவிடுகிறது. பெரிதாக நினைத்த அறை தன் அளவுக்குச் சுருங்குகிறது, கோணல் நிமிர்கிறது. பிள்ளையின் கொப்பியில் சிவப்பு மையால் திருத்துகிற வாத்தியாராகிய நான் அந்தக் கையை அடையாளம் கண்டுகொண்டேன். அந்தத் திருத்தத்தையே காட்டுவதுதான் சனாதனனின் நோக்கம், அரசாங்கத்தின் கண் வீட்டை எப்படிப் பார்க்கிறது என்பதை வைக்கிறார் என்று வாதிடலாம். ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவது அடுக்கில் அவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. தேர்ந்த கையின் சித்திரம் பல இடங்களில் கதையை வேறொரு ஆழத்துக்குக் கொண்டு போகிறது. சில இடங்களில் அந்தக் கோணல் கோடு ஏற்கனவே சொல்லிவிட்டதை அழகாகத் திரும்பச் சொல்கிறது. வீடிழந்தவரின் பென்சில் நடுங்கி நின்ற இடத்தில் கலைஞரும் கொஞ்சம் நின்றிருக்கலாம்.

பலஸ்தீன வம்சாவளிக் கலைஞர்கள் இருவரின் வேலைகளோடு வைத்துப் பார்த்தால் இது விளங்கும். மோனா ஹாட்டூம் 1996இல் கிழக்கு ஜெரூசலத்தில் நாப்ளஸ் ஒலிவ் சவர்க்காரக் கட்டிகளைத் தரையில் அடுக்கி, ஒஸ்லோ உடன்படிக்கையின் வரைபடத்தைச் சிவப்பு மணிகளால் அவற்றில் பதித்தார். சவர்க்காரத்தை அவர் அலங்கரிக்கவில்லை. அது கரையக்கூடியது என்பது போதுமாயிருந்தது. எமிலி ஜாசிர் 2001இல் ஒரு அகதிக் கூடாரத்தை எடுத்து, 1948இல் அழிக்கப்பட்ட, வெறுமையாக்கப்பட்ட 418 கிராமங்களின் பெயர்களை அதில் குறித்தார். பெயர்களைத் தைக்கப் பலரும் வந்தார்கள், பேசிக்கொண்டே தைத்தார்கள். கலைஞர் அங்கே ஊசியும் நூலும் இடமும் கொடுத்தவர், அவ்வளவே. தோம்பும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் கலைஞர் கொஞ்சம் அதிகமாகக் கதைக்கிறார். அதற்காக நூலின் பெறுமதி குறைந்துவிடாது. தமிழில் போர் பற்றி வந்த கவிதைகளில் பாதியை ஒரு தட்டில் வைத்து இதை மறுதட்டில் வைத்தால் எது தாழும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கவிஞர்கள் கோபிக்க வேண்டாம்.

கலைஞர் கொஞ்சம் விலகி நிற்பது எப்படி என்பதற்கு மட்டக்களப்பிலேயே உதாரணம் உண்டு. சி. ஜெயசங்கரும் நண்பர்களும் சீலாமுனையில் கூத்தை மீளுருவாக்கம் செய்தபோது, ஊராரோடு இருந்து கதைத்து, மாற்றி, ஆடினார்கள். அதை ஊர் தன்னுடையதென்று கொண்டது. நவீன, சமகாலக் கலைக்கென்று கொழும்பில் 2019இல் நூதனசாலை ஒன்று திறக்கப்பட்டது நல்ல காரியம்தான். ஆனாலும் கல்முனையிலிருந்து ஒரு இரவு பஸ் பயணம்.

இனி என் கதை. சில வருடங்களுக்கு முன் நான் படிப்பித்த ஒரு பாடசாலையில், பிள்ளைகளிடம் தங்களைவிட வயது கூடிய ஒரு பொருளை வீட்டிலிருந்து கொண்டுவந்து, அதைப் பற்றி ஒரு வசனம் எழுதி மேசையில் வைக்கச் சொன்னேன். வெற்றிலை வட்டா வந்தது. பித்தளைப் படிக்கம் வந்தது. தறியின் நாடா, பங்கீட்டு அட்டை, ஒற்றைக் காதணி. ஒரு பிள்ளை கொண்டுவந்தது பானை இல்லாத ஒரு மூடி. பார்க்க வந்த கல்வி அதிகாரி ஒருவர், "இது கண்காட்சியா, பழைய இரும்புக் கடையா சேர்?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். மூடியைக் கொண்டுவந்த பிள்ளை அதை எடுத்துப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டது. அன்று ஏன் சிரித்தேன் என்று இன்னும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சித்திரப் பாடத்தைக் கற்பிக்கச் சொல்லித் தந்தார்கள்; ஒரு மூடியின் முன்னால் எப்படி நிற்பது என்று எவரும் சொல்லித் தரவில்லை.

இப்போது வீரமுனையில் படிப்பிக்கிறேன். வீட்டிலிருந்து பாடசாலைக்கு மோட்டார் சைக்கிளில் சில நிமிடம். அந்தச் சில நிமிடத்துக்குள் எவ்வளவு இருக்கிறதென்று இந்த இதழின் வாசகர்களுக்குத் தெரியும். 1990 ஆகஸ்ட் 3 காத்தான்குடி, 11ஆம் 12ஆம் திகதிகளில் ஏறாவூர், 12ஆம் திகதி வீரமுனை. ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள். நாம் இவற்றை எழுதும்போது நமது பக்கத்து இழப்பை எழுதுகிறோம். அவர்கள் எழுதும்போது அவர்களுடையதை எழுதுகிறார்கள். இரண்டு பக்கக் கவிதைகளும் நிறைய வாசித்திருக்கிறேன். ஒன்றையொன்று அவை அறியாது. தோம்பு நூலில் என்னை அசைத்தது இதுதான்: தாளைப் புரட்டும்போது, கதையை வாசிக்கும்வரை, இது யாருடைய வீடென்று படத்தை வைத்துச் சொல்ல முடிவதில்லை. மண்டபம், அறை, குசினி, கிணறு, மாமரம். பெயரைப் பார்த்த பிறகுதான் நாம் பக்கம் பிரிகிறோம்.

போன தவணை தரம் 9 பிள்ளைகளிடம், வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரைக் கொண்டு அவர் விட்டுப்போன வீட்டின் படத்தை வரைவித்து வரச் சொன்னேன். 1990இல் ஊரைவிட்டுப் போய், பின்னர் திரும்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இருக்கிற வகுப்பு. கேட்டிருக்கக் கூடாதோ என்று இரவு முழுக்க யோசித்தேன். சிலர் கொண்டுவரவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு பிள்ளையின் அம்மம்மா அப்பியாசக் கொப்பித் தாளில் வரைந்து அனுப்பியிருந்தார். வீடு மூலையில் சின்னதாக இருந்தது, நடுவில் கிணறு. அதைச் சுற்றிப் பல கோடுகள். என்ன கோடுகள் என்று பிள்ளையிடம் கேட்டேன். வேலியாக்கும் என்று நினைத்தேன்.

"இல்ல சேர். அது நடபாதையாம். அங்கால வீட்டு ஆக்களும் இந்தக் கிணத்திலதான் தண்ணி அள்ளின எண்டு அம்மம்மா சொன்ன."

அங்கால வீட்டு ஆக்களின் பெயரையும் அவர் எழுதியிருந்தார். நமது பெயர்கள்தான். அந்தப் பக்கத்தில் வீடு வரையாமல் வெறுந்தாளாக விட்டிருந்தார். அது எனக்குத் தெரியாது, அவைகளிட்டக் கேளுங்கோ என்று சொல்லிவிட்டாராம். அந்தப் பெயர்க்காரர்களின் பிள்ளைகள் சம்மாந்துறையில் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தாள் இன்னும் என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது.