வெண்பாவின் ஈற்றடி

(‘வெண்பா’ விளையாட்டின் முடிவைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. ஆடாதவர்கள் ஆடிவிட்டு வாருங்கள், ஒன்றரை மணி நேரம்தான்.)

எனக்கு அது மூன்று மணி நேரம் ஆனது. சேத்தியாத்தோப்பில் எங்கள் வீட்டு ஹாலில், மடிக்கணினியை ஸ்டூலில் வைத்துக்கொண்டு ஆடினேன். அதிலிருந்து தமிழ்ப் பாட்டு வந்ததும் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “என்னாடா படம்?” என்றாள். படமில்லம்மா, கேம். சமையல் கேம். “சமையல்ல என்னா கேமு?” என்று கேட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்தவள், முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

நான் ஆடியது ஆங்கிலத்தில். திரையில் வெண்பாவும் அவள் புருஷன் பாவலனும் பேசிக்கொள்வது தமிழ் என்பது கதை. எழுதிக் காட்டுவது ஆங்கிலம். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. எனவே ஒரு தமிழ் அம்மா தமிழில் பேசியதாக ஆங்கிலத்தில் எழுதப்பட்டதை, நான் திரும்பவும் தமிழாக்கி இன்னொரு தமிழ் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்றரை மணி நேரம் மூன்று ஆனது இப்படித்தான்.

கடைசிக் காட்சி முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சுவதை மறைக்க முடியவில்லை. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் நிஜமான குழப்பம்.

“என்னாத்துக்கு அழுவற? அதான் ஊருக்கு வந்துட்டாளே?”

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

*

டொராண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட விளையாட்டு ‘வெண்பா’. மறு ஆண்டு பாஃப்டாவில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதையும், சுயாதீன விளையாட்டு விழாவான ஐ.ஜி.எஃப்.பில் பெரும் பரிசையும் வாங்கியது. கதை 1988-ல், கனடாவில் தொடங்குகிறது. புதிதாகக் குடியேறிய தம்பதி, படிப்புக்கேற்ற வேலை கிடைக்காமல் அல்லாடுகிறார்கள். திரும்பிப் போய்விடலாமா என்ற பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அப்போது வெண்பா கர்ப்பம் என்று தெரிகிறது. பிள்ளைக்காக இருந்துவிடுகிறார்கள். பிள்ளை பெயர் கவின். அவன் வளர வளர, அம்மா தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். பாவலன் இறந்துபோகிறான். வெண்பா தமிழ்நாட்டுக்குத் திரும்பிவிடுகிறாள். பல காலம் கழித்து கவின் அவளைத் தேடி வருகிறான். அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து சமைக்கிறார்கள். அவ்வளவுதான்.

கதையாக இப்படிச் சொன்னால் இதில் புதிதாக ஒன்றும் இல்லை. புலம்பெயர்ந்தவர்கள் எழுதிய நூறு சிறுகதைகளில் படித்ததுதான். ஆனால் அந்தச் சிறுகதைகள் என்னை அழவைக்கவில்லை, இது அழவைத்தது. ஏன்?

வெண்பாவிடம் அவள் அம்மா கொடுத்த ஒரு சமையல் குறிப்புப் புத்தகம் இருக்கிறது. கிழிந்து, கறைபட்டு, அங்கங்கே எழுத்து அழிந்த புத்தகம். விடுபட்டதை ஊகித்துச் சமைப்பதுதான் ஆட்டம். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போகும்? புட்டுக் குழாயில் எது முதல், எது பிறகு? தப்பாகச் செய்தால் புள்ளி குறையாது, உயிர் போகாது, மறுபடி செய்யலாம். இட்லித் தட்டை நான் ஓட்டைக்கு நேராக ஓட்டை வைத்து அடுக்கியபோது, மொழிபெயர்ப்பு எதுவும் கேட்காமல் அம்மா கை நீட்டினாள்: “மாத்தி வைடா. மேல் தட்டு இட்லி கீழ ஒட்டிக்கும்.” முதல் அத்தியாயத்தை ஆடியது அவள்தான் என்று சொல்ல வேண்டும்.

இப்படி இரண்டு மூன்று அத்தியாயம் சமைத்தபின் நம் கைக்கு ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. நாம் வெண்பா ஆகிவிடுகிறோம். மகன் வருகிறான் என்று பெரிய விருந்துக்கு அடுப்பு மூட்டும் அத்தியாயத்தில், எதை முதலில் வைப்பது, எதை இறக்குவது என்று கை தானாகப் போகிறது. சட்டி சட்டியாக விருந்து பெருகப் பெருக, வீடு எவ்வளவு காலியாக இருக்கிறது என்பதும் தெரிகிறது.

அதற்குப் பிறகு ஆட்டம் நம்மை வெண்பாவிடமிருந்து பிடுங்கி கவினிடம் கொடுக்கிறது. அதே புத்தகம். ஆனால் இப்போது கறையைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது: அவனுக்குத் தமிழ் சரியாகப் படிக்க வரவில்லை. ஒரு மணி நேரமாக நாம் தடவித் தடவிப் பழகிய பக்கத்தை, இப்போது எழுத்துக் கூட்டிப் பார்க்கும் ஒருவனாக இருந்து பார்க்கிறோம். நம் கைக்குத் தெரிந்தது அவன் கைக்குத் தெரியவில்லை. “அவன் மொழியை இழந்துவிட்டான்” என்று எழுத்தில் சொன்னால் ஒரு வாக்கியத்தில் கடந்துபோய்விடும். இங்கே அந்த இழப்பு நம் விரலுக்கு நேர்கிறது.

விளையாட்டால் மட்டும் செய்ய முடிகிற காரியம் இது. 2013-ல் வந்த ‘பிரதர்ஸ்’ ஆடியவர்களுக்குச் சட்டென்று புரியும். அதில் அண்ணனுக்கு இடது கைக் குச்சி, தம்பிக்கு வலது கைக் குச்சி. தம்பிக்குத் தண்ணீர் என்றால் பயம்; அண்ணன் முதுகில் தொற்றிக்கொண்டுதான் நீந்துவான். அண்ணன் செத்தபிறகு தம்பி தனியாக ஆற்றைக் கடக்க வேண்டும். தம்பிக்குரிய பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. வெகுநேரம் சும்மா கிடந்த அண்ணனின் பொத்தானை அழுத்தினால் தம்பி நீந்துகிறான். வசனம் இல்லை. இறந்தவன் எங்கே இருக்கிறான் என்பது இடது ஆள்காட்டி விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. ‘வெண்பா’வின் கடைசிச் சமையலும் இந்த வகைதான். அம்மாவின் கைவேலை பிள்ளையின் கைக்கு வந்து சேர்வதை நாம் பார்ப்பதில்லை, செய்கிறோம்.

*

சரி. இதெல்லாம் நான் அழுததற்கான காரணங்கள். அம்மா ஏன் அழவில்லை?

அவளுக்குப் புரியாமல் இல்லை. பாவலன் போனது தெரிந்ததும் “ச்சே” என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஆனால் வெண்பா ஊர் திரும்பியதும் அவளுக்குக் கதை முடிந்துவிட்டது, அதுவும் நல்லபடியாக. தனியாகக் கிடந்து சீரழியாமல் சொந்த ஊருக்கு வந்துவிட்டாள், பேசுவதற்கு ஆள் இருக்கிறது, அவள் பேச்சு புரிகிற ஆள். இதில் கசப்பு எங்கே?

யோசிக்க யோசிக்க ஒன்று புரிந்தது. அந்த முடிவின் கசப்பு முழுக்க கவினுடையது. காலம் கடந்து வந்தவனின் குற்றவுணர்வு. கடைசியில் ஆட்டம் நம்மை அவன் பக்கத்தில் உட்காரவைத்திருப்பதால் நாமும் அதைச் சாப்பிடுகிறோம். இணையத்தில் இந்த ஆட்டத்துக்கு அழுததாகச் சொல்பவர்களில் பெரும்பாலோர், நான் பார்த்தவரை, பிள்ளைகள். அம்மாக்கள் யாரும் ஆடியதாகவே தெரியவில்லை.

நம் பழைய கவிதையில் இது நேர்மாறு. ஐங்குறுநூற்றுப் பாலையில் ‘மகட்போக்கியவழித் தாயிரங்கு பத்து’ என்று ஒரு பகுதி உண்டு. காதலனோடு சுரம் கடந்து போய்விட்ட மகளை நினைத்துத் தாய் புலம்பும் பாட்டுகள். அங்கே போனவள் பேசுவதில்லை. வீட்டில் இருப்பவள்தான் பேசுகிறாள். மகள் விளையாடிய இடம், அவள் விட்டுப்போன பொருள், அதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்பவளுடைய குரல் அது. ‘வெண்பா’வும் முதல் பாதி முழுக்க இப்படித்தான் நிற்கிறது: அடுப்படியில் நிற்பவளின் பக்கம். பிற்பாதியில், போனவன் பக்கம் மாறிவிடுகிறது. இந்த மாற்றத்தால்தான் ஆட்டத்துக்கு இவ்வளவு வலு. ஆனால் இதே மாற்றத்தில் ஒன்று தொலைந்தும் போகிறது. ஊர் திரும்பிய வெண்பாவின் நாட்கள் எப்படி இருந்தன? கவின் வரும்வரை காலையில் எழுந்து யாருக்கு இட்லி ஊற்றினாள்? அவளுக்கு என்ன கோபம் இருந்தது? ஆட்டம் சொல்வதில்லை. கவின் வருகிறான், மன்னிப்பு சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. பிள்ளைகள் எழுதும் கதைகளில் அம்மாக்கள் எப்போதும் சுலபமாகத்தான் மன்னிக்கிறார்கள்.

இதை நான் கொஞ்சம் சுற்றிவளைத்து அம்மாவிடம் கேட்டேன். கடைசியில அவன் சமைச்சது உனக்குப் பிடிச்சுதா? அவள் யோசிக்கவே இல்லை.

“சமைச்சான். பாத்திரத்த யாரு வெளக்குனா?”

நான் சிரித்துவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால், இந்த ஆட்டம் பற்றி நான் படித்த எந்த விமர்சனமும் இவ்வளவு கூர்மையாக இல்லை. நான் ஆடிய ஆட்டத்தில் எங்குமே பாத்திரம் தேய்த்ததாக நினைவில்லை. ஆவி பறக்கும், தாளிப்பு பொரியும், தட்டு நிறையும். அடுத்த காட்சியில் எல்லாம் சுத்தமாக இருக்கும். சமையலை அன்பாக மட்டும் பார்ப்பவன் கண்ணுக்குக் கழுவுதொட்டி தெரியாது. 1988-லிருந்து வெண்பா எவ்வளவு பாத்திரம் தேய்த்திருப்பாள் என்பது அந்த அன்பின் கணக்கில் வருவதில்லை.

*

இன்னொன்றும் இங்கே இருந்து ஆடியதால் உறுத்தியது. வெண்பா திரும்பி வர ஓர் ஊர் இருந்தது. அவள் விட்டுப்போனபோது இருந்த மாதிரியே, வெயிலோடு, அவளுக்காகக் காத்திருந்தது. புலம்பெயர்ந்தவர்களின் கதைகளில் ஊர் எப்போதும் இப்படித்தான், அசையாமல் இருக்கும்.

ஆட்டம் வெளியாவதற்கு ஐந்து நாள் முன்பு, 2023 ஜூலை 26 அன்று, எங்கள் பக்கத்து வளையமாதேவியில் பச்சைப் பயிராக நின்ற நெல்வயலில் மண்வெட்டி இயந்திரங்கள் இறங்கின. என்.எல்.சி. சுரங்கத்துக்காகப் பரவனாற்றின் போக்கை மாற்றும் கால்வாய் வேலை. நிலத்தை முன்பே எடுத்தாயிற்று, பணமும் கொடுத்தாயிற்று என்றது நிறுவனம். அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தக் காணொளியைத் தமிழ்நாடே பார்த்தது. நெய்வேலியைச் சுற்றி 1950-களிலிருந்து ஊர்கள் இடம்பெயர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. இங்கே ஊரை விட்டுப் போகாமலே ஊரை இழந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் திரும்பிப் போகும் முடிவு எழுத முடியாது. ‘வெண்பா’வைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை, அது கனடாவிலிருந்து பார்த்து எழுதிய கதை, தன் எல்லை அதற்குத் தெரியும். அதன் முடிவில் இனிப்பாக இருப்பது எது என்று யோசித்தபோது இது நினைவுக்கு வந்தது. ஊர் அங்கேயே இருக்கிறது என்ற நம்பிக்கைதான் அந்த இனிப்பு.

*

பெயருக்கு வருகிறேன். பள்ளியில் படித்ததுதான். வெண்பாவில் மற்ற அடிகளுக்கெல்லாம் நான்கு சீர். ஈற்றடிக்கு மட்டும் மூன்று. நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றில் முடிய வேண்டும். நான்காவது சீருக்காகக் காது காத்திருக்கும்போதே பாட்டு நின்றுவிடும். அந்தக் குறை இல்லாவிட்டால் அது வெண்பாவே இல்லை. அதன் ஓசைக்குச் செப்பலோசை என்று பெயர்; ஒருவருக்கு ஒருவர் சொல்வது போன்ற ஓசை.

மனைவிக்கு வெண்பா, புருஷனுக்குப் பாவலன் என்று பெயர் வைத்தவர்கள் இதை அறியாமல் வைத்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். அந்தக் கடைசிச் சமையலறையில் மூன்று பேர் இருந்திருக்க வேண்டும், இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். கவின் வந்துவிட்டான், தமிழ் பேசுகிறான், சமைக்கிறான். எல்லாம் கூடி வருகிறது, ஒரு சீர் மட்டும் இல்லை. நம் மனசு அந்த இடத்தில்தான் தடுக்கிவிழுகிறது. பாவலன் உயிரோடு இருந்திருந்தால் இது ஒரு குடும்பப் படத்தின் சுபம். கவின் வராமலே போயிருந்தால் வெறும் சோகம். இரண்டும் சீக்கிரம் மறந்துபோகும்.

*

நான் அந்த வாரம் ஊருக்குப் போனது அம்மாவை என்னோடு சென்னைக்கு அழைத்துக்கொண்டு போக. அப்பா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. வீராணத்துத் தண்ணீர் 2004 முதல் குழாயில் சென்னைக்குப் போகிறது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அதற்கும் முன்னாலிருந்தே போகிறார்கள். அம்மாவும் வந்துவிட்டால் எனக்கு ஊர் பற்றிய கவலை விட்டது. அதைப் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் பேச்சை எடுக்கலாம் என்று அடுப்படிக்குப் போனேன். அம்மா இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ராத்திரி அவள் கேட்டது தொண்டையில் நின்றது. அதான் ஊருக்கு வந்துட்டாளே. அது வெண்பாவைப் பற்றி மட்டும் சொன்னதா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

தொட்டியில் ராத்திரிப் பாத்திரம் கிடந்தது. எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். அம்மா ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “சாம்பார் சட்டிய மொதல்ல ஊற வை” என்றாள்.