பாலர் பள்ளி ஆசிரியரும் ஒருபாலினப் பெற்றோர் குடும்பமும்: மூன்று படநூல்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

சிறார் இலக்கியத்தை மதிப்பிடுங்கால் நூலின் நயத்தை மட்டும் நோக்குதல் போதாது. அதனைக் குழந்தைக்கு எடுத்துக் கொடுக்கும் ஆசிரியரின் மனப்பாங்கும் உடன் நோக்கத்தக்கது. 2014 ஜூலையில் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் மூன்று படநூல்களைச் சிறுவர் பிரிவிலிருந்து அகற்றியது. எதிர்ப்பு எழுந்தபின் இரண்டு நூல்கள் பெரியோர் பிரிவுக்கு மாற்றப்பட்டன. மூன்றாவது நூல் அதற்குள் அழிக்கப்பட்டிருந்தது. அம்மூன்று நூல்களையும் ஒப்புநோக்கி இச்சிக்கலை ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, ஜஸ்டின் ரிச்சர்ட்சனும் பீட்டர் பார்னெலும் எழுதி 2005இல் வெளிவந்த 'அண்ட் டேங்கோ மேக்ஸ் த்ரீ'. நியூயார்க் சென்ட்ரல் பார்க் விலங்கியல் பூங்காவில் ரோய், சைலோ என்னும் இரு ஆண் பெங்குவின்கள் முட்டையென எண்ணிக் கல்லொன்றை அடைகாத்தன. அதைக் கண்ட காப்பாளர் வேறோர் இணையின் முட்டையை அவற்றிடம் வைத்தார், டேங்கோ பிறந்தது. இது உண்மை நிகழ்வு. இரண்டாவதான 'தி ஒயிட் ஸ்வான் எக்ஸ்பிரஸ்' சீனாவிலிருந்து குழந்தைகளைத் தத்தெடுக்கச் செல்லும் நான்கு இல்லத்தாரைப் பற்றியது. அவர்களுள் இரு பெண்கள் வாழும் இல்லமும் ஒன்று. அழிக்கப்பட்ட 'ஹூஸ் இன் மை ஃபேமிலி' பலவகைக் குடும்பங்களை வரிசைப்படுத்துகிறது. ஒருபாலினப் பெற்றோர் அவ்வரிசையில் ஓரிடம் மட்டுமே பெறுகின்றனர்.

இவ்வேறுபாடு கருதத்தக்கது. முதல் நூலில் ஒருபாலினக் குடும்பமே கதைப்பொருள்; ஏனைய இரண்டிலும் அது பலவற்றுள் ஒன்று. எனினும் மூன்றும் ஒரே முடிவுக்கு உள்ளாயின. ஆதலின் மறுக்கப்பட்டது கொள்கைப் பரப்புரையன்று. இத்தகைய குடும்பம் படத்தில் இடம்பெறுவதே மறுக்கப்பட்டது எனலாம்.

'டேங்கோ' குறையற்ற நூலன்று. குழந்தை வந்த பின்னரே ரோயும் சைலோவும் குடும்பமாக நிறைவுறுகின்றன. பெற்றோர் இருவர், பிள்ளை ஒன்று என்னும் வழக்கமான அச்சை நூல் மாற்றவில்லை. தாத்தா பாட்டியிடம் வளரும் குழந்தைக்கும் தாய் மட்டுமே உள்ள குழந்தைக்கும் அதில் இடமில்லை. அவ்வகையில் அழிக்கப்பட்ட நூலே வகுப்பறைக்கு மிகவும் ஏற்றது என்பது நம் மதிப்பீடு.

ஆயினும் 'டேங்கோ'வில் ஆசிரியர்க்குரிய பாடம் ஒன்று உண்டு. காப்பாளர் பறவைகளுக்கு விளக்கவுரை நிகழ்த்தவில்லை, திருத்தவுமில்லை. கூர்ந்து நோக்கினார், தேவையறிந்து உதவினார். பாலர் பள்ளி ஆசிரியரின் பணியும் இதுவேயாம்.

சமய நம்பிக்கையுடைய ஆசிரியர் பலர் இப்பொருளைப் பேசத் தயங்குகின்றனர். பெற்றோர் சினமும் நிருவாக அச்சமும் அத்தயக்கத்தை வலுப்படுத்துகின்றன. அவர்தம் நம்பிக்கையை மாற்றுக என நாம் கோரவில்லை. 'என் குடும்பம்' என்னும் தலைப்பில் இரு தந்தையரை வரையும் குழந்தையிடம் "அம்மா எங்கே?" என வினவி, அவ்வோவியத்தைத் திருத்தச் சொல்லலாகாது என்பதே நம் கோரிக்கை. மௌனமும் அங்கு நடுநிலையாகாது. ஏனைய பிள்ளைகளின் குடும்பங்கள் பேசப்படுகையில் தன் குடும்பம் மட்டும் விடுபடுவதைக் குழந்தை உணரும்.

இவ்வேறுபடுத்தலுக்கு நீதித்துறையில் முன்மாதிரி உண்டு. 2018 டிசம்பரில் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம், அமெரிக்காவில் வாடகைத்தாய் வழிப் பிறந்த தம் மகனைத் தத்தெடுக்க ஒருபாலீர்ப்புடைய தந்தை ஒருவரை அனுமதித்தது. ஒருபாலினக் குடும்ப அமைப்பை ஊக்குவிக்காத பொதுக்கொள்கையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எனினும் அவ்வழக்கில் குழந்தையின் நலனுக்கே கூடுதல் எடை தந்தது. 2022 நவம்பரில் 377ஏ சட்டப்பிரிவை நீக்கிய நாடாளுமன்றம், ஆண்-பெண் திருமண வரையறையைக் காக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தையும் நிறைவேற்றியது. கொள்கை இன்னும் அந்நிலையிலேயே நிற்கிறது. குழந்தையோ வகுப்பறையில் அமர்ந்திருக்கிறது.

நூலைப் பெரியோர் பிரிவுக்கு மாற்றலாம். குழந்தையை அவ்வாறு மாற்றவியலாது. நூல் இல்லாத வகுப்பறையில் ஆசிரியரின் சொல்லே அக்குழந்தை படிக்கும் முதல் நூலாகிறது. ஆகவே ஆசிரியப் பயிற்சியில் குடும்பப் பன்மை பற்றிய படநூல் வாசிப்புக்கு இடமளித்தல் வேண்டும் என்பது நம் துணிபு.