சிவப்புத் தண்டுப் பனை

1859-இல் தொடங்கிய சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குச் செங்காங்கிலிருந்து போவது எளிது. சிராங்கூனில் வட்டப் பாதை ரயிலுக்கு மாறினால் போதும். 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம். பலர் ஆர்க்கிட் பூக்களைத் தேடிப் போவார்கள். என்னைக் கேட்டால், முதலில் பனைப் பள்ளத்தாக்குக்குப் போங்கள் என்பேன்.

அங்கே என்னை நிற்க வைப்பது சிவப்புத் தண்டுப் பனை. மலாய்த் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோவின் சதுப்பு நிலக் காடுகளில் வளர்வது. மூங்கிலைப் போலப் புதராகக் கிளைக்கும் மெல்லிய தண்டுகள். அவற்றின் மேல் ஓலையடி உறைகள் மெழுகு பூசியதுபோல மினுங்கும் சுத்தச் சிவப்பு. அருகில் போய்ப் பாருங்கள். அந்தச் சிவப்பு ஓலைக்காம்பு வரை ஓடி, பச்சை தொடங்கும் இடத்தில் மெல்லக் கரையும். பழைய ஓலை விழுந்த இடமெல்லாம் தண்டில் வளையமாகத் தழும்பு.

பூங்காவில் இரட்டைத் தேங்காய் மரமும் உண்டு. செஷல்ஸ் தீவுகளுக்கே உரியது. தாவர உலகிலேயே மிகப் பெரிய விதை இதனுடையதுதான். காய் முற்ற ஆறேழு ஆண்டுகள் ஆகும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு, நம் ஊர்ப் பனையைப் போலவே.

தாளிப்பனையையும் விட்டுவிடாதீர்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் சுவடி எழுத ஓலை தந்த மரம். பல பத்தாண்டுகள் வளர்ந்து, ஒரே ஒரு முறை உச்சியில் லட்சக்கணக்கில் பூத்து, காய்த்து, பட்டுப்போகும். பூத்திருக்கும் சமயம் வாய்த்தால் வேலைக்கு விடுப்பு போட்டாவது போய்ப் பாருங்கள்.