தம்பியின் வளர்ச்சியும் அக்காவின் பங்கும்

தாயும் தந்தையும் வேலைக்குப் போகும் வீடுகளில் கைக்குழந்தை ஏழெட்டு வயது அக்காவின் இடுப்புக்கு வந்துசேர்வது நம் ஊர்களில் நெடுநாள் வழக்கம். அந்தத் தம்பி குப்புற விழுந்ததையும் முதல் பல் முளைத்ததையும் அவள்தான் முதலில் பார்க்கிறாள். சிலேட்டில் அவன் கையைப் பிடித்து எழுதவைப்பதும் அவள்தான். பத்து ஆண்டு கழித்து, “தம்பி என்னைவிட வளர்ந்துட்டான்” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். அந்தப் பெருமையில் துளியும் பொய் கிடையாது. ஆனால் அதை நம் குடும்பங்கள் எதற்கெல்லாம் பயன்படுத்திக்கொள்கின்றன என்பதை எடைபோட்டுப் பார்க்காமல் விட்டுவிட்டோம்.

இந்தப் பெருமையின் வலிமையை முதலில் சொல்லிவிட வேண்டும். பெற்றோர் மகனைப் பார்த்துப் பூரிக்கும்போது மதிப்பெண், வேலை, முதுமைக்கான ஆதரவு எல்லாம் கூடவே கண்முன் வந்து நிற்கும். சிறுமியாக இருக்கும் அக்காவுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. சில வருடம் முன்பு அதே வகுப்பில் அதே பாடத்தில் தானும் திணறியது அவளுக்கு நினைவிருக்கிறது. அதனால் அவள் சொல்லிக்கொடுத்தால் அவனுக்குப் புரிகிறது. அவன் வெல்லும்போது வாய்விட்டுக் கொண்டாடவும், தோற்றால் வீட்டாரிடம் போட்டுக்கொடுக்காமல் இருக்கவும் ஓர் ஆள் கிடைக்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய பல தம்பிகளுக்குப் பின்னால் இப்படியொரு அக்கா இருக்கிறாள்.

மூத்தவரை இளையவர் போற்றுவதைத்தான் நம் காவியங்கள் விரித்துப் பாடின. இலக்குவனும் பரதனும் தம்பிகள். அண்ணன் செங்குட்டுவனுக்காக அரசைத் துறந்தவராக மரபு சொல்லும் இளங்கோவும் தம்பியே. மூத்தவர் இளையவருக்காக உருகுவதைப் பெரிதாக எடுத்துக்கொண்டது திரைப்படம். 2000-இல் வந்த ‘வானத்தைப் போல’ தம்பிகளுக்காகவே வாழும் அண்ணனைக் கொண்டாடியது. அதற்கு முன்பே, 1974-இல், கே.பாலசந்தரின் ‘அவள் ஒரு தொடர்கதை’ ஒரு குடும்பத்தையே சுமக்கும் பெண்ணைக் காட்டி, அந்தச் சுமைக்கு அவள் கொடுக்கும் விலையையும் கேட்டது. இரண்டில் நேர்மையான படம் ‘அவள் ஒரு தொடர்கதை’தான் என்பது என் எண்ணம்.

அக்காவின் பெருமை அவளைத் தேய்த்துத்தான் ஆக வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. சென்னையைச் சேர்ந்த வைஷாலியும் பிரக்ஞானந்தாவும் அதற்குச் சான்று. சதுரங்கப் பலகையை முதலில் தொட்டவர் 2001-இல் பிறந்த அக்கா. நான்கு வயது இளைய தம்பி, அவர் ஆடுவதைப் பார்த்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர். வைஷாலி 2012-இல் 12 வயதுக்கு உட்பட்ட சிறுமியரில் உலக இளையோர் பட்டம் வென்றார். தம்பி 2018-இல், 13 வயது நிறைவதற்குள், கிராண்ட்மாஸ்டர் ஆனார். அக்கா அந்தத் தகுதியை எட்டியது 2023 டிசம்பரில். இடையில் ஐந்து ஆண்டுக்கு மேல். நாட்டின் கேமராக்கள் தம்பியையே மொய்த்த காலம் அது. அப்போது அக்காவின் பயிற்சியை நிறுத்தி எல்லாவற்றையும் தம்பிக்கே திருப்பிவிட்டிருந்தால், ஊரில் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த வீடு அப்படிச் செய்யவில்லை. 2024 ஏப்ரலில் டொராண்டோவில், உலகப் பட்டத்துக்கு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டிகளில் இருவரும் ஆடினார்கள்; மகளிர் பிரிவில் வைஷாலி கடைசி ஐந்து ஆட்டங்களையும் தொடர்ச்சியாக வென்றார். தம்பியின் உயர்வை மெச்சுவதற்கு அக்கா தன் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை.

எழுந்திருக்க வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பாவில் ஒரு பழைய கதை உண்டு. இசைமேதை மோட்சார்ட்டின் அக்கா மரியா அன்னா, வீட்டில் நானெர்ல், தம்பியைவிட நாலரை வயது மூத்தவர். சிறு வயதில் தம்பியோடு சேர்ந்து அரண்மனைகளில் வாசித்தவர். 1769 டிசம்பரில் தந்தையும் மகனும் இத்தாலிக்குக் கிளம்பியபோது, 18 வயதான அவர் தாயோடு சால்ஸ்பர்க்கிலேயே நின்றுவிட்டார். அவர் இசையமைத்ததைத் தம்பி கடிதத்தில் பாராட்டியிருக்கிறார். அந்த இசையில் ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை. தம்பியின் இளமைக்காலம் பற்றி இன்று உலகம் அறிந்தவற்றில் பலவும் அந்த அக்கா நினைவிலிருந்து சொன்னவை. அவர் காத்துவைத்தது தம்பியின் வரலாற்றை.

நம் நாட்டில் இந்த இழப்பு அரண்மனையில் நடப்பதில்லை, நூற்பாலையில் நடக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டார மில்களில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் சேர்க்கப்பட்ட பெண்களுக்கு, சுமார் மூன்று ஆண்டு முடித்தால் மொத்தமாக ஒரு தொகை என்று சொல்லப்பட்டது. அந்தப் பணம் கல்யாணத்துக்கு என்றார்கள். மாதச் சம்பளமோ பல வீடுகளில் தம்பி தங்கையின் படிப்புக்குப் போனது. “தம்பி படிக்கட்டும்” என்று அவளே விரும்பிச் சொன்னதாகப் பிறகு பேசுவார்கள். பதினைந்து வயதில், வேறு வழி எதுவும் காட்டப்படாத ஒருத்தியின் சம்மதத்தை விருப்பம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இது தம்பிக்கும் நல்லதில்லை. “உனக்காகத்தான் அவள் படிப்பை விட்டாள்” என்பதைச் சண்டைக்குச் சண்டை கேட்டு வளர்கிறவன், விரும்பிய பாடத்தை எடுக்கவும் பயப்படுவான். அல்லது அக்காக்கள் ஒதுங்கிக்கொள்வது இயல்பென்று பழகி, நாளை மனைவியிடமும் மகளிடமும் அதையே எதிர்பார்ப்பான்.

இப்படி அக்காவை விட்டுக்கொடுக்க வைப்பதன் கடைசிக் கட்டம் சார்பதிவாளர் அலுவலகத்தில். தமிழ்நாடு 1989-இலேயே, அதுவரை மணமாகாத மகள்களுக்கு இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம பங்கைச் சட்டமாக்கியது. 2005-இல் மத்தியச் சட்டம் அதை எல்லா மகள்களுக்கும் விரித்தது. அந்த உரிமை பிறப்பிலேயே வருவது என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கியது. சட்டம் தந்ததை, பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் விடுதலைப் பத்திரம் திரும்ப வாங்கிக்கொள்கிறது. “தம்பிதானே, கையெழுத்துப் போட்டுடு” என்ற ஒரு சொல் போதும். நிலத்தின் இன்றைய விலை என்ன என்றுகூட அவளுக்குச் சொல்வதில்லை. இடுப்பில் தூக்கிய பாசம் அங்கே பேனாவாகிறது.

பதிலுக்குத் தாய்மாமன் சீர் செய்கிறானே என்பார்கள். காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று அவன் தட்டோடு வந்து நிற்பதை நான் சிறுமைப்படுத்தவில்லை. கணவனை இழந்தோ பிரிந்தோ வந்த எத்தனையோ பெண்களுக்குத் தம்பி வீட்டு வாசல்தான் திறந்திருந்தது. ஆனாலும் சீர் கொடுப்பவரின் மனதைப் பொறுத்தது, தம்பி மனைவியின் முகத்தைப் பொறுத்தது. பங்கு அப்படியல்ல, எந்த நாளிலும் அவள் தலைநிமிர்ந்து கேட்கக்கூடியது.

எனவே தம்பிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் விடுதலைப் பத்திரம் எழுதும் பேச்சு வந்தால், அக்கா வாய்திறந்து கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். நிலத்தின் மதிப்பை அவரிடம் நீங்களே சொல்லுங்கள். அவர் பங்கை அவர் பெயரிலேயே பதிவு செய்து கொடுங்கள்.