பெயர் கேளாத பாட்டு

காதற்பாட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் முகம் சுளிப்போர் இரு சாரார். சிற்றின்பம், செவி கொடுக்கலாகாது என்பர் பக்தர்கள். நம்மிலேயே சிலர், நாட்டில் ஆகவேண்டிய காரியம் நூறிருக்க நிலவும் கயல்விழியும் எதற்கென்பர். முன்னவரை விட்டுவிடுவோம். பின்னவர் நம் தோழர்கள். அவர்களுக்கு விடை கூறியாக வேண்டும். ஒரு சமுதாயம் பெண்ணை எப்படி மதித்தது, பிறப்பை எப்படி எடைபோட்டது என்றறிய விரும்புவோர், அதன் காதற்பாட்டைக் கேட்கட்டும். சாத்திரம் மூடி மறைப்பதைப் பாட்டு போட்டு உடைத்துவிடும்!

மாலை நேரத்திலே நாவலூரில் நின்று பாருங்கள். பழைய மாமல்லபுரம் சாலையில், முன்பு வயலும் குளமுமாகக் கிடந்த சிற்றூர். இன்று கணினி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகள். பணி முடித்துப் பேருந்துக்குக் காத்து நிற்கும் இளைஞர்களின் செவியிலே தமிழ் மட்டுமா ஒலிக்கிறது? தெலுங்கு, இந்தி, மலையாளம், கடல் கடந்த கொரிய மொழியுங்கூட. சொல் விளங்காத மொழியிலும் காதல் விளங்கிவிடுகிறது. அந்தப் பாட்டிலே வருபவர் யாரோ ஒருவன், யாரோ ஒருத்தி. அவர்கள் பெயர் என்ன, எந்தக் குலம் என்று கேட்போர் யாருமில்லை.

இதையே இலக்கணமாக வகுத்தது தொல்காப்பியம். அன்பின் ஐந்திணையைப் பாடுங்கால், இன்னான் இன்னாள் என்று ஒருவர் பெயரையும் சுட்டலாகாது என்றது. இந்த விதியைப் புலவர்கள் எத்துணைக் கண்டிப்போடு கையாண்டனர் என்பதற்கு நெடுநல்வாடை சான்று. பிரிந்து வாடும் ஒருத்தி, பாசறையிலே உறங்காத ஒருவன். அகப்பாட்டுக்கு வேண்டிய அனைத்தும் அதில் உண்டு. ஆனால் வேலின் தலையிலே வேப்பமாலை இருப்பதாக ஒரு குறிப்பு வந்துவிட்டது. வேம்பு பாண்டியனுக்கு உரியது. ஆள் யாரென்று தெரிந்துவிட்டதே என்று, உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதை அகத்திலிருந்து எடுத்துப் புறத்திலே வைத்தார். நக்கண்ணையார் என்ற பெண்பாற் புலவர், போரவைக் கோப்பெருநற்கிள்ளி மீது தாம் கொண்ட காதலை மூன்று பாட்டிலே வாய்விட்டுச் சொன்னார். அவை நிற்கும் இடமும் புறநானூறே. 83, 84, 85 ஆம் பாட்டுக்கள்.

வேப்பந்தழை ஒன்றுக்கு இவ்வளவு வழக்கா என்று சிரிக்கத் தோன்றும். சிரிக்க வேண்டாம். பெயர் வந்தால் பின்னாலேயே குடி வரும், குடியோடு உயர்வு தாழ்வு வரும். பெயரை நீக்கிய பாட்டிலே நெஞ்சம் ஒன்றுதான் எஞ்சும்.

ஆயினும் பழம்பெருமை பேசி மயங்குவது நம் வேலையன்று. பெயரை நீக்கிய அதே இலக்கணம், அடியோரையும் பிறர் ஏவிய வேலை செய்து பிழைப்போரையும் ஐந்திணைக்கு உள்ளே விடவில்லை. கைக்கிளை, பெருந்திணை என்ற புறத்திண்ணையிலே அவர்களை உட்கார வைத்தது. உழைப்பவனுக்குக் காதல் உண்டு, ஆனால் அது உத்தமமான காதலன்று என்பது இதன் பொருள். பெயரைக் கேளாதவர் தொழிலைக் கேட்டனர்! இந்தக் கறையைக் காணாமல் அகத்தின் புகழ் பாடுவோர், பாட்டைப் பாதிதான் படித்தவர்.

பெயர் மறைக்கும் வழக்கம் பிற மொழிகளிலும் உண்டு. ஆலன் தொகுத்த பிராகிருத நூலான காதா சப்தசதியிலும் பெரும்பாலும் பெயரற்ற ஊர்ப்பெண்களே பேசுகின்றனர். பிரான்சின் தென்பகுதியிலே 12 ஆம் நூற்றாண்டில் பாடித் திரிந்த பாணர்கள், காதலிக்குப் புனைபெயர் சூட்டி மறைத்தனர். ஆனால் அங்கே மறைத்ததற்குக் காரணம் வேறு. அவள் பெரும்பாலும் பிரபுவின் மனைவி.

இனி, பாடும் வாய் யாருடையது என்று கேட்போம். வெள்ளிவீதியார் தம் வேட்கையைத் தாமே பாடினார். எவரும் அவர் வாயை மூடவில்லை. பின்னாளில் பெண் காதல் பேசக் கடவுள் துணை தேவைப்பட்டது. ஆண்டாள் பேசினார், திருமாலைக் காதலனாக வைத்ததால் கோயிலிலே ஓதுகின்றனர். கடவுளை வைத்தும் தப்பாதவர் முத்துப்பழனி. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங்கரின் அவையிலே, 18 ஆம் நூற்றாண்டில், தமிழ் மண்ணில் இருந்து தெலுங்கிலே 'ராதிகா சாந்தவனமு' பாடிய தேவதாசி அவர். கண்ணனும் ராதையுந்தான் பாத்திரங்கள். ஆனால் ராதையின் இச்சை அதில் நாணிக் கோணாமல் நிமிர்ந்து நிற்கிறது. அதுதான் குற்றம்!

குற்றஞ் சாட்டியவர் யார்? மடாதிபதியா? இல்லை. கைம்பெண் மறுமணத்துக்காக ஊரையே எதிர்த்து நின்ற கந்துகூரி வீரேசலிங்கம். சீர்திருத்தக்காரர், நம் மரியாதைக்குரியவர். ஆனாலும் சொல்லியாக வேண்டும். கைம்பெண்ணுக்குக் கணவன் தேடித் தந்தவர், பெண்ணின் வாயிலிருந்து ஆசையைக் கேட்கப் பொறுக்கவில்லை. நாணம் பெண்ணுக்கு மட்டுந்தான் விதியா, இதனினும் விரசமாக ஆண்கள் எழுதியது கண்ணில் படவில்லையா என்று திருப்பிக் கேட்டார் பெங்களூர் நாகரத்தினம்மாள். கேட்டதோடு நில்லாமல் 1910 இல் முழு நூலையும் பதிப்பித்தார். ஆங்கில அரசு அதைத் தடை செய்தது. 1946 இல் அமைந்த பிரகாசம் அமைச்சரவை வந்துதான் தடை நீங்க வேண்டியிருந்தது. சீர்திருத்தம் பேசும் இளைஞர்களே, பாட்டெழுதும் பெண்ணைப் பார்த்துப் பண்பாடு கற்பிக்க நம் நா எழும்போதெல்லாம் வீரேசலிங்கனாரை நினைவில் வையுங்கள்.

திரைப்படத்திலே பல்லாண்டு பெண் வாயசைத்தாள், பாடினாள்; சொல் மட்டும் ஆணுடையது. அவற்றிலே அழகான சொற்கள் உண்டு, மறுக்கவில்லை. 2001 இல் 'மின்னலே' படத்துக்குத் தாமரை எழுதிய 'வசீகரா' பாட்டிலே, விரும்புகிறவளே தன் விருப்பத்தைச் சொல்லக் கேட்டோம். அதே மெட்டு இந்திக்குப் போயிற்று, பாடியவரும் அதே பம்பாய் ஜெயஸ்ரீ; எழுதியவர் மட்டும் ஆண். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

இத்தனை பாட்டையும் சுவைக்கும் ஊர்களிலே நடப்பதென்ன? நாவலூருக்கு வடக்கே, அதிகத் தொலைவில்லை, பள்ளிக்கரணை. 2024 பிப்ரவரியில், சாதி மறுத்து மணந்த இளைஞர் ஒருவர் அங்கே வெட்டிக் கொல்லப்பட்டார். மணமாகி ஆறு திங்கள்கூட ஆகவில்லை. சில வாரங்களில் அந்தப் பெண்ணும் உயிரை மாய்த்துக் கொண்டார். வெட்டியவர்கள் காதற்பாட்டே கேளாதவர்கள் என்று எவரால் கூற முடியும்?

குறுந்தொகையின் 40 ஆம் பாட்டைப் பாடியவரின் இயற்பெயரும் மறைந்துபோயிற்று. தாம் சொன்ன உவமையாலேயே செம்புலப்பெயல்நீரார் என்று வழங்கப்படுகிறார். உன் தாயும் என் தாயும் உறவில்லை, தந்தையர் உறவினரில்லை, நாமிருவரும் முன்பின் அறிந்தவரில்லை. ஆயினும் நெஞ்சம் கலந்தது என்பது அதன் கருத்து. அந்தப் பாட்டைத்தான் இன்று திருமண அழைப்பிதழின் நெற்றியிலே அச்சிடுகிறார்கள். அதற்குக் கீழே தாத்தா பெயர், பாட்டி பெயர், தந்தை பெயர். சிலவற்றில் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் சாதிப்பட்டம்.