‘ஹய் இப்னு யக்ழான்’ கதையில் தனிமையும் அறிவும்: மானின் இறப்பை முன்வைத்து

அந்தலூசிய மெய்யியலாளர் இப்னு துஃபைல் (இறப்பு 1185) கலீபா அபூ யஃகூப் யூசுஃபின் அரண்மனை மருத்துவராகவும் விளங்கியவர். அவர் இயற்றிய ‘ஹய் இப்னு யக்ழான்’, மனிதத் தொடர்பின்றித் தீவொன்றில் வளரும் ஒருவன் தன் அறிவைக்கொண்டே இறையுண்மையை அடைவதைக் கூறுகிறது. 1671இல் வெளிவந்த இலத்தீன் மொழிபெயர்ப்பு, ‘தானே கற்ற மெய்யியலாளன்’ என்று பொருள்படும் தலைப்பைப் பெற்றது. தனித்தியங்கும் பகுத்தறிவின் வெற்றியாகவே இக்கதையை வாசிப்பதற்கு அத்தலைப்பு வழிவகுத்தது எனலாம். கதையோ அவ்வளவு நேரானதன்று.

ஹய்யைப் பாலூட்டி வளர்ப்பது ஒரு பெண்மான். அது அசைவற்றுக் கிடக்கையில் அவன் கண், காது என உறுப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்கிறான். புறத்தே குறை எதுவும் தென்படவில்லை. உள்ளிருக்கும் தடையை நீக்கினால் மான் மீண்டெழும் என்று நம்பி அதன் மார்பைப் பிளக்கிறான். இதயத்தின் ஓர் அறையில் உறைந்த குருதி. மற்றோர் அறை வெறுமை. அங்கிருந்த ஒன்று அகன்றுவிட்டது என்றும், தன்னைப் பேணியது அதுவேயன்றி இவ்வுடல் அன்று என்றும் தெளிகிறான். பின்னர், காகமொன்று இறந்த காகத்தைப் புதைப்பதைக் கண்டு மானைப் புதைக்கிறான். குர்ஆனில் ஆதமின் மகனுக்குக் காகம் கற்பித்த அதே செயல்தான். ஆனால் இங்குப் புதைப்பவன் கொலைகாரன் அல்லன், பிள்ளை.

ஆன்மா குறித்த முதல் வினா இவ்வாறு பிரிவுத்துயரில் பிறக்கிறது. எனவே ஹய்யின் தனிமையைப் பிறப்பிலேயே வாய்த்த வெறுமையாகக் கொள்வது பொருந்தாது. அவன் தனியனாவது மான் இறந்த பின்னரே.

அறுத்துப் பார்த்து அறிந்த அவன், முதிர்ந்த பருவத்தில் வான்பொருள்களின் அருளியல்பைப் பின்பற்றி, வாடும் செடிக்கு நீர் வார்க்கிறான். சிக்குண்ட விலங்கை விடுவிக்கிறான். அயல்தீவிலிருந்து வந்து மொழி கற்பித்த அப்ஸாலுடன், மக்களுக்கு மெய்ம்மையை உணர்த்தச் செல்வதும் அவ்விரக்கத்தின் நீட்சியே. அவர்கள் செவிசாய்க்காதபோது பெரும்பாலோரைப் பகுத்தறிவற்ற விலங்குகளுக்கு ஒப்பாக மதிப்பிட்டு, மார்க்கச் சட்டத்தைப் பற்றி நிற்குமாறு கூறி விலகுகிறான். மானின் பாலுண்டு வளர்ந்தவனுக்கு ‘விலங்கு’ என்பது இகழ்ச்சிச் சொல்லாகிவிடும் இவ்விடமே படைப்பின் தீராத முரண். இப்னு துஃபைல் இதனை உணர்ந்தே அமைத்தார் என்பதற்குப் பனுவலில் வெளிப்படையான சான்றில்லை. 13ஆம் நூற்றாண்டில் இப்னுந் நஃபீஸ் தம் காமிலின் தீவுக்குக் கப்பலில் மனிதர்களை வரவழைத்து இச்சிக்கலையே தவிர்த்துவிடுகிறார்.

ஹய் தன் தீவுக்குத் திரும்புகிறான். அப்ஸாலும் உடன் செல்கிறான்.