சுவரில் மன்னன், தாளில் தெய்வம், கித்தானில் மக்கள்!

ஓவியம் கண்ணுக்கு விருந்து என்பர். பந்தியில் எவருக்கு இடம் என்று மட்டும் கேட்கமாட்டார்கள். நாம் கேட்போம், தோழர்களே!

இராமநாதபுரத்து இராமலிங்க விலாசத்தைக் காணுங்கள். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டப்பட்ட ஓவியங்கள் அதன் சுவர்களில் உள்ளன. மராட்டியரோடு மூண்ட போர் ஒருபுறம். ஐரோப்பியரை மன்னர் வரவேற்கும் காட்சி மற்றொருபுறம். இராசராசேசுவரி தேவியே மன்னனுக்குச் செங்கோல் தருகிறாள் இன்னொரு காட்சியில்! கோட்டிலே நயம், வண்ணத்திலே பொலிவு, மறுப்பாரில்லை. ஆனால் கைத்திறன் ஓவியனுடையது, கருத்தோ அரண்மனையுடையது! தேவி தந்த கோலை எதிர்த்து, வரி கொடுப்பவன் வாய் திறப்பானா?

பின்னர் அச்சுப்பொறி வந்தது. ஓவியம் குடிசைக்கும் வந்தது. 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த சிவகாசியின் அச்சகங்கள், கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) போன்றோர் தீட்டிய தெய்வங்களை நாட்காட்டிகளாக்கி வீடுதோறும் அனுப்பின. பட்டும் நகையும் பளபளக்கும் மேனியும் அப்பாணியின் இலக்கணம். அழகென்றால் சிவப்பு என்ற பாடத்தைக் கருநிறக் குழந்தை நாள்தோறும் தன் வீட்டுச் சுவரிலேயே கற்றது!

அந்தப் பாடத்தை மாற்றி எழுதியவர் இருவரைச் சொல்வேன். திருச்சி மாவட்டத்துக் கீழக்குறிச்சியில் பிறந்த ஆதிமூலம் (1938–2008) ஒருவர். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு அவர் வரைந்த கோடுகளில் பளபளப்பில்லை, மினுக்கில்லை. வெயிலில் வெடித்த நிலம்போல் முறுக்கேறிய கோடு. அதற்குள் உழைத்து உரமேறிய மனிதன்!

மற்றவர், கும்பகோணத்தை அடுத்த செம்பியவரம்பலில் பிறந்து 2021-இல் கொரோனாவுக்குப் பலியான இளையராஜா. ஆதிமூலம் குறைத்துச் சொன்னார். இவரோ ஒன்றும் விடாமல் சொன்னார். சேலை மடிப்பும், கதவின் கீறலும், கருத்த கன்னத்தில் விழும் ஒளியும் மெய்யெனவே நிற்கும். பட்டாடைத் தேவிக்குப் பழகிய கண்முன், நாட்டுப்புறத்துக் கருநிறப் பெண்ணை நாயகியாக நிறுத்தினார். இது வண்ணத்தால் நிகழ்ந்த புரட்சி!

எனினும் பாராட்டோடு நின்றால் அது திறனாய்வாகாது. இளையராஜாவின் பெண்களில் பலர் வாயிலோரத்தில், சன்னல் வெளிச்சத்தில் அமைதியாக இருக்கிறார்கள். அழகு கிடைத்தது, அவர்களின் உழைப்பு இன்னும் முழுதாகக் காட்சிக்கு வரவில்லை. ஆதிமூலத்தின் கோட்டிலே உழைப்பின் முறுக்கு உண்டு. இளையராஜாவின் வண்ணத்திலே நிறத்தின் மாண்பு உண்டு. இரண்டும் இணையும் ஓவியமே நாளைய தேவை.

அதற்குக் களம் நம் கரையிலேயே உண்டு. பாம்பன் பக்கத்துக் கடலில், விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். இராமேசுவரத்துக்குப் புண்ணியம் தேடி வருவோர் முங்கி எழும் அதே கடலில், அவர்கள் முங்குவது சோற்றுக்காக!

தூரிகை ஏந்தும் இளைஞனே, அவளை வரை! எந்தத் தேவியும் செங்கோல் தரவில்லை அவளுக்கு. அவள் வாழ்வது தன் கையின் வலிமையால். அந்தக் கையை வரை!